சுருளைப் பிரித்த வக்கீல்

தம்பி மகள் சட்டக் கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறாள். சனிக்கிழமை சாயங்காலம் வந்தால் நேரே அடுக்களைக்குள் நுழைந்து இரண்டு டம்ளர் டீயோடு என் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். போன வாரம் கையில் செய்தித்தாளும் இருந்தது.

"பெரியப்பா, இந்த ஆட்கொணர்வு மனு இருக்கே, அதை ரிட்னு ஏன் சொல்றாங்க? அஞ்சு ரிட் பேரு மனப்பாடமா இருக்கு. ஆனா ரிட்னா என்னன்னு தெரியல."

ரிட் என்றால் கடிதம்மா என்றேன். எழுதப்பட்டது என்பதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். அரசன் எழுதுகிற கடிதம்.

அவள் நம்பவில்லை. நம்பும்படி சொல்ல வேண்டுமானால் எண்ணூறு வருஷம் பின்னால் போக வேண்டும். டீயை வைத்துவிட்டுக் கேள் என்றேன்.

பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒருவனுக்கு அநியாயம் நடந்தால் அவன் போக வேண்டிய இடம் தன் பிரபுவின் மன்றம், இல்லாவிட்டால் வட்டார மன்றம். அரசனின் நீதிமன்றம் எல்லாருக்கும் திறந்த வாசல் அல்ல. உள்ளே போகச் சீட்டு வேண்டும். சான்செரி என்ற அரசனின் எழுத்தர் அலுவலகத்தில் காசு கொடுத்து அந்தச் சீட்டை வாங்க வேண்டும். கையகலத் தோல் துண்டு. அதில் லத்தீனில் சில வரி. கீழே அரச முத்திரை. மாவட்ட அதிகாரியான ஷெரீப்புக்கு அரசன் இடுகிற உத்தரவு அது.

ஒரு மாதிரியைச் சொல்கிறேன். 1160-களில் இரண்டாம் ஹென்றி காலத்தில் வந்த ரிட். உன் நிலத்தில் நீ உழுதுகொண்டிருக்கிறாய். ஒருவன் ஆட்களோடு வந்து உன்னை வெளியே தள்ளிவிட்டான். நீ ரிட் வாங்கிவிட்டாய். ஷெரீப் அக்கம்பக்கத்து ஆட்கள் 12 பேரைக் கூட்டி நிலத்தைப் பார்க்க வைக்க வேண்டும். அரசனின் நீதிபதிகள் வரும்போது அந்தப் 12 பேரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: இவனை அவன் நியாயமில்லாமலும் தீர்ப்பில்லாமலும் வெளியேற்றினானா, இல்லையா? அவ்வளவுதான். நிலம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியே அங்கே எழாது.

"சொந்தம் யாருன்னு கேக்காம எப்படி?"

நம் பத்திரங்களில் பாத்தியம் என்று ஒரு சொல், சுவாதீனம் என்று ஒரு சொல் வருகிறதல்லவா? பாத்தியம் வேறு, சுவாதீனம் வேறு. இந்த ரிட் சுவாதீனத்தை மட்டும் பார்க்கும். பாத்தியத்துக்கு வேறு ரிட். அதில் விசாரணையே வேறு விதம். எதிராளி கேட்டால் இரண்டு தரப்புக்கும் ஆள் நிறுத்திச் சண்டை போட்டுத்தான் முடிவாகும். எந்த ரிட் வாங்குகிறாயோ அதுதான் உன் வழக்கு எப்படி நடக்கும் என்பதைத் தீர்மானிக்கும். ஜூரியா, சண்டையா, சத்தியமா, எத்தனை தவணை, எதிராளி வராவிட்டால் என்ன செய்வது, எல்லாமே. தப்பான ரிட் வாங்கிவிட்டால் உன் பக்கம் நியாயமே இருந்தாலும் வழக்கு தள்ளுபடி. உரிமை முதலில் இருந்து, அதைக் காக்க வழி பிற்பாடு வந்தது என்று நாம் நினைக்கிறோம். அங்கே வழிதான் முதலில் வந்தது. அந்த வழியில் எதைக் கேட்டு வாங்க முடிந்ததோ, அதற்குப் பிற்காலத்தில் உரிமை என்று பெயர் வந்தது.

நம் அரசியலமைப்பின் 32-ஆம் பிரிவும் 226-ஆம் பிரிவும் சொல்கிற ரிட்டுகள் இந்தக் கடிதக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். ஆளைக் கொண்டுவந்து நிறுத்து என்று அரசன் எழுதிய கடிதம்தான் உன் கையில் இருக்கிற செய்தித்தாளில் ஆட்கொணர்வு மனுவாக நிற்கிறது.

இதை எனக்குப் புரிய வைத்தவர் பிரடெரிக் வில்லியம் மெய்ட்லண்ட். 1850-இல் லண்டனில் பிறந்தவர். இங்கிலாந்தின் சட்ட வரலாற்றை இன்று யார் எழுதினாலும் இவரோடு உடன்பட்டோ முரண்பட்டோதான் எழுத முடிகிறது.

அவர் வாழ்க்கையின் முதல் பாதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு வயதில் தாய் போனார், பதின்மூன்று வயதில் தந்தை போனார், வளர்த்தவர் சித்தி. தந்தைவழித் தாத்தா சாமுவேல் ராஃபி மெய்ட்லண்டும் வரலாற்றாசிரியர்தான். இருண்ட காலம் என்று எல்லாரும் ஒதுக்கிய நூற்றாண்டுகளை மூல ஏடுகளைப் பார்த்துப் படித்தவர். பேரன் கேம்பிரிட்ஜில் தத்துவம் படித்து முதல் வகுப்பில் தேறினார். ஆசிரியப் பதவிக்கு முயன்றார், கிடைக்கவில்லை. 1876-இல் லண்டனில் வக்கீலாகி, சொத்துப் பத்திரம் எழுதுகிற வேலையில் உட்கார்ந்தார்.

அந்த வேலை அவருக்குப் பள்ளிக்கூடமாக அமைந்தது என்பது என் எண்ணம். ஆங்கிலேய நிலச் சட்டம் அப்போது ஒரு புதர். ஒரு வீட்டைக் கைமாற்றுவதற்குப் பல நூறு வருஷத்துச் சூத்திரங்களைப் பத்திரத்தில் திருப்பித் திருப்பி எழுத வேண்டும். ஏன் இப்படி எழுதுகிறோம் என்று கேட்டால் வழக்கம் என்பதே பதில். அந்தப் பதிலில் அவர் திருப்தி அடையவில்லை. 1879-இல் அவர் எழுதிய முதல் பெரிய கட்டுரை, மூத்த மகனுக்கே நிலம் என்ற விதி உட்பட அந்தப் பழஞ்சுமையை இறக்கி வைக்கச் சொன்ன கட்டுரை. பழையதை ஒழிக்க வேண்டும் என்று தொடங்கிய மனிதர்தான் பழையதைப் படிக்கப் போனார். காலமும் கூடி வந்தது. தனித்தனி ரிட், தனித்தனி வழி என்ற ஏற்பாட்டை 1873, 1875 ஆண்டுகளின் சட்டங்கள் எடுத்துவிட்டன. அதற்கு மறு வருஷம் இவர் வக்கீலானார். தொழிலில் உயிரோடு இருக்கும்வரை ஒன்றை யாரும் வரலாறாகப் பார்ப்பதில்லை. அது ஓய்ந்த கையோடு இவர் வந்து சேர்ந்தார்.

1884-இல் மாஸ்கோவிலிருந்து வந்திருந்த பால் வினோகிராடோஃப் என்ற இளம் அறிஞரைச் சந்தித்தார். ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்துகொண்டே பேசும்போது அந்த ரஷ்யர் சொன்னாராம்: உங்கள் நாட்டு ஆவணக் காப்பகத்தில் பதின்மூன்றாம் நூற்றாண்டு வழக்குகளின் சுருள்கள் குவிந்து கிடக்கின்றன, உங்கள் ஆட்கள் யாரும் தொடுவதில்லை என்று. அந்தப் பேச்சில்தான் மெய்ட்லண்ட் வரலாற்றாசிரியர் ஆனார் என்று அவர் மைத்துனர் எழுதிய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. அழகான கதைதான். ஆனால் பிற்பாடு வந்தவர்கள் காப்பகத்தின் பதிவுகளைப் பார்த்தபோது, அந்த நடைக்கு முன்பே மெய்ட்லண்ட் அங்கே போய்ச் சுருள் பிரித்திருப்பது தெரிந்தது. மைத்துனரின் நினைவைவிட அந்தப் பதிவையே மெய்ட்லண்டும் நம்பியிருப்பார்.

"சுருள்னா எப்படி இருக்கும் பெரியப்பா?"

ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி நீள நீளமாக வெட்டி, தலைப்பக்கம் ஒன்றாகத் தைத்து, பாய் போலச் சுருட்டி வைத்திருப்பார்கள். இரண்டு பக்கமும் எழுத்து. லத்தீன்தான், ஆனால் முழுச் சொல்லாக இருக்காது. நம் ஊர்க் கணக்குப்பிள்ளைகள் குழிக்கும் மாவுக்கும் படிக்கும் ஒரு சுழியைப் போட்டுவிட்டுப் போவார்கள் அல்லவா, அப்படிச் சொல்லுக்குப் பாதி எழுத்தும் மேலே ஒரு கோடும். படிக்க யாரும் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து தானே பழகினார்.

அதே 1884-இல் முதல் நூல் வந்தது. குளோஸ்டர் மாவட்டத்துக்கு 1221-இல் அரசனின் நீதிபதிகள் சுற்றுப்பயணம் வந்தபோது நடந்த குற்ற வழக்குகளின் சுருள் அது. தாத்தா வழியாக அவருக்கு வந்த நிலமும் அந்த மாவட்டத்தில்தான். நூலை வினோகிராடோஃபுக்குக் காணிக்கையாக்கினார்.

இந்தச் சுருளைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பதிவும் இரண்டு மூன்று வரி. ஓர் ஆள் செத்துக் கிடந்தான், கொன்றவன் ஓடிவிட்டான், அவனுடைய ஆடுமாடு இத்தனை. செத்தவன் ஆங்கிலேயன் என்று உறவினர் வந்து நிரூபிக்காவிட்டால் அவனை நார்மன் என்று எடுத்துக்கொண்டு, அந்த வட்டாரம் முழுவதும் சேர்ந்து அபராதம் கட்ட வேண்டும். 1066-இல் நாட்டைப் பிடித்த நார்மன்கள் தங்கள் ஆட்கள் இருட்டில் கொல்லப்படாமல் இருக்கப் போட்ட விதி. 150 வருஷம் கழித்து, யார் நார்மன் யார் ஆங்கிலேயன் என்று பிரித்துச் சொல்ல முடியாத காலத்திலும் அபராதம் வசூலாகிக்கொண்டே இருந்தது. அரசனுக்கு அது வருமானம். 1340-இல்தான் ஒழிந்தது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று அந்தச் சுருளில் இருக்கிறது. அதுவரை, குற்றம் செய்தானா இல்லையா என்று தெரியாதபோது கடவுளிடம் விட்டுவிடுவார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் பிடித்து நடக்க வைத்து, கையைக் கட்டி, மூன்று நாள் கழித்துப் பிரித்துப் பார்ப்பார்கள். புண் சீழ் பிடிக்காமல் இருந்தால் குற்றமில்லை. அல்லது ஆளைக் கட்டித் தண்ணீரில் இறக்குவார்கள். அமிழ்ந்தால் நிரபராதி, மிதந்தால் குற்றவாளி. இரும்பையும் தண்ணீரையும் ஆசீர்வதிக்கப் பாதிரியார் வேண்டும். 1215-இல் ரோமில் கூடிய லாத்தரன் திருச்சபைச் சங்கம், பாதிரியார்கள் இனி இதில் கலந்துகொள்ளக்கூடாது என்று தடுத்துவிட்டது. ஆசீர்வாதம் இல்லையென்றால் பரீட்சையும் இல்லை. நாடு முழுவதும் சந்தேகத்தில் பிடிபட்டவர்கள் இருக்கிறார்கள். தீர்ப்புச் சொல்லும் வழி மட்டும் மறைந்துவிட்டது.

1219-இல் அரசனின் ஆலோசனைச் சபை நீதிபதிகளுக்கு எழுதியது இடைக்கால ஏற்பாடுதான்: பெரிய குற்றமென்றால் சிறையில் வை, நடுத்தரமென்றால் நாட்டைவிட்டு அனுப்பு, சிறியதென்றால் ஜாமீன் வாங்கிக்கொண்டு விடு, மற்றதை உன் புத்திக்கு விடுகிறோம். இரண்டு வருஷம் கழித்துக் குளோஸ்டருக்கு வந்த நீதிபதிகள் (தலைவர் ஒரு மடாதிபதி, ரெடிங் மடத்தைச் சேர்ந்தவர்) இந்த வெற்றிடத்தில் நின்றுகொண்டுதான் ஒவ்வொரு ஆளையும் பார்த்தார்கள். ஊராரைக் கேட்டால் என்ன, அவர்கள் சொல்வதை வைத்துத் தீர்த்தால் என்ன என்று கை நீட்டிப் பார்த்தார்கள். குற்றத்துக்கு ஜூரி விசாரணை என்று பிற்காலத்தில் ஆங்கிலேயர் பெருமைப்பட்ட ஏற்பாடு ஒரு நாளில் சட்டமாக வந்ததில்லை. வழி அடைபட்ட சில மனிதர்கள் தடவித் தடவிக் கண்டுபிடித்தது அது. அந்தத் தடவலைச் சுருளில் பார்க்கலாம். இந்தப் பக்கங்களைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்சம் வந்தது என்று அவளிடம் சொன்னேன். அது உண்மை.

டீ ஆறிப்போயிருந்தது. அவள் எழுந்துபோய்ச் சுட வைத்துக்கொண்டு வந்தாள்.

"சட்ட வரலாறு எங்களுக்கும் ஒரு பேப்பர். அதுல எல்லாமே வளர்ச்சின்னுதான் போட்டிருக்கு. முதல்ல இது, அப்புறம் அது, கடைசியில இன்னைக்கு இருக்கற சட்டம்."

மெய்ட்லண்ட் வாழ்நாள் முழுக்க எதிர்த்தது அதைத்தான். 1888-இல் கேம்பிரிட்ஜில் டௌனிங் பேராசிரியராகப் பதவி ஏற்றபோது, ஆங்கிலேயச் சட்டத்தின் வரலாறு ஏன் இன்னும் எழுதப்படவில்லை என்பதையே தன் முதல் உரையின் பொருளாக எடுத்துக்கொண்டார். அவர் சொன்ன காரணத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். வக்கீலும் பழைய ஏட்டைப் புரட்டுகிறான், வரலாற்றாசிரியனும் புரட்டுகிறான். வக்கீலுக்கு வேண்டியது இன்றைய வழக்குக்கு ஓர் ஆதாரம். அதனால் பழைய தீர்ப்பை இன்றைய பொருளில் வாசிக்கிறான். புதிதாக இருந்தால் அவனுக்கு இன்னும் நல்லது. வரலாற்றாசிரியனுக்கு வேண்டியது அன்று அதை எழுதியவன் என்ன நினைத்தான் என்பது. பழையதாக இருந்தால்தான் அவனுக்குப் பயன். இரண்டு தொழிலும் ஒரே ஏட்டில் எதிரெதிர்த் திசையில் வேலை செய்கின்றன. வக்கீலுக்கு மட்டுமே சுருள் புரியும், வக்கீலுக்கு அதை வரலாறாகப் படிக்கும் பழக்கம் இல்லை. அதனால் எழுதப்படவில்லை.

வக்கீலின் தொழில் நுட்பத்தை வைத்துக்கொண்டே வக்கீலின் பழக்கத்தை அவர் கழற்றி வைத்தார். 1221-இல் வாழ்ந்தவனுக்கு 1340 தெரியாது. நமக்கு முடிந்துபோனதாகத் தெரிவது அவனுக்கு இன்னும் வராத நாள். இதை மறக்காமல் எழுத வேண்டும்.

இதற்கு அவர் செய்ததிலேயே சிறந்த எடுத்துக்காட்டு 1893-இல் பதிப்பித்த ஒரு நாடாளுமன்றச் சுருள். 1305-இல் முதலாம் எட்வர்ட் வெஸ்ட்மின்ஸ்டரில் கூட்டிய நாடாளுமன்றம். அக்கால ஆங்கிலேயர் நாடாளுமன்றத்தின் வரலாற்றை எப்படி எழுதினார்கள்? மக்கள் பிரதிநிதிகள் கூடி, சட்டம் இயற்றி, அரசனின் கையைக் கட்டிய கதையாக. விதை, முளை, மரம். மெய்ட்லண்ட் சுருளைத் திறந்தார். அதில் பக்கம் பக்கமாக இருந்தவை மனுக்கள். இங்கிலாந்திலிருந்து, ஸ்காட்லாந்திலிருந்து, அயர்லாந்திலிருந்து, பிரான்சில் அரசனுக்கு இருந்த கேஸ்கனியிலிருந்து வந்த மனுக்கள். என் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள், எனக்கு வர வேண்டிய பாக்கி வரவில்லை, என்னை அநியாயமாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள். மாவட்டங்களிலிருந்தும் நகரங்களிலிருந்தும் வந்திருந்த பிரதிநிதிகளைச் சுமார் மூன்று வாரத்தில் நன்றி சொல்லி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்கள் போன பிறகும் நாடாளுமன்றம் நடந்தது! அரசனின் ஆலோசகர்களும் நீதிபதிகளும் உட்கார்ந்து மனுக்களைத் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு நாடாளுமன்றம் என்பது பெரும்பாலும் அரசனின் சபை மனுக் கேட்கக் கூடுகிற பெரிய அமர்வு.

"நம்ம கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை மனுநாள் மாதிரியா?"

ஒப்பிட்டுக்கொள், ஆனால் அதையே அது என்று நினைத்துவிடாதே என்றேன். மெய்ட்லண்டும் அவள் கேள்வியை ரசித்திருப்பார். பிறகு அந்த எச்சரிக்கையைத்தான் சொல்லியிருப்பார்.

இந்த வருஷங்களில் அவர் செய்த வேலையின் அளவு மலைக்க வைக்கிறது. 1887-இல் சட்ட ஏடுகளைப் பதிப்பிக்கவே செல்டன் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கி, அதன் முதல் தொகுதியைத் தாமே பதிப்பித்தார். அதே வருஷம், பதின்மூன்றாம் நூற்றாண்டு நீதிபதி பிராக்டனின் குறிப்பேடு மூன்று தொகுதிகளாக வந்தது. மூன்றாம் ஹென்றி காலத்து வழக்குகள் சுமார் 2000 கொண்ட கையெழுத்துப் படி அது; பிராக்டன் பெயரில் வழங்கும் பெரிய சட்ட நூலுக்காகத் திரட்டிய மூலப்பொருள் என்று வினோகிராடோஃப் அடையாளம் கண்டிருந்தார். 1895-இல், முதலாம் எட்வர்டுக்கு முந்தைய ஆங்கிலேயச் சட்டத்தின் வரலாறு, இரண்டு தொகுதி. அட்டையில் பிரடெரிக் போலக் பெயரும் இருக்கிறது; ஆனால் பெரும்பகுதி மெய்ட்லண்ட் எழுதியது. 1897-இல் டூம்ஸ்டே ஏட்டைப் பற்றிய நூல். 1086-இல் எடுத்த நிலக் கணக்கை வைத்துக்கொண்டு, தெரிந்ததிலிருந்து தெரியாததை நோக்கிப் பின்னால் நடந்து பார்த்தார்.

எல்லாம் சரியாகவா சொன்னார்? இல்லை. ஆங்கிலேய நகரங்கள் கோட்டைக் காவலிலிருந்து பிறந்தன என்ற அவர் கருத்தை அடுத்த தலைமுறை ஏற்கவில்லை. பிராக்டன் எழுதியதாக அவர் கொண்ட அந்தச் சட்டப் பெருநூல், பிராக்டனுக்கு முந்தியவர்கள் கையில் பெரும்பாலும் உருவானது என்று சட்ட வரலாற்றாசிரியர் சாமுவேல் தோர்ன் 1977-இல் காட்டினார். நான் முதலில் சொன்ன சுவாதீன ரிட்டையே எடுத்துக்கொள். மெய்ட்லண்ட் அதை, அரசனின் நீதி பிரபுக்களின் மன்றங்களைப் பின்னுக்குத் தள்ளிய படியாகப் பார்த்தார். 1970-களில் எஸ். எஃப். சி. மில்சம் என்ற இன்னொரு சட்ட வரலாற்றாசிரியர் எதிர்த்துக் கேட்டார்: அது தொடக்கத்தில் பிரபு தன் குடியானவனை முறைப்படி நடத்த வைக்க வந்த கடிதமாக ஏன் இருக்கக்கூடாது? சொத்துரிமை என்ற நம் காலத்துக் கருத்தை மெய்ட்லண்டே தெரியாமல் பன்னிரண்டாம் நூற்றாண்டுக்குள் கொண்டுபோய்விட்டாரே என்றார். எனக்கு மில்சம் சொல்வதில் நியாயம் படுகிறது. மெய்ட்லண்ட் கற்றுக்கொடுத்த கேள்வியை மெய்ட்லண்டிடமே கேட்டிருக்கிறார்.

"வீட்ல எப்படிப்பட்ட ஆளு?" என்றாள். படிக்கிற பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்விதான்.

மனைவி ஃப்ளோரன்ஸ் வயலின் வாசிப்பவர், வீடு நிறைய விலங்குகள் வளர்த்தவர், எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபுக்கு ஒன்றுவிட்ட சகோதரி. இரண்டு பெண் குழந்தைகள். 1897-இல் பெண்களுக்குப் பட்டம் கொடுக்கலாமா என்று கேம்பிரிட்ஜ் விவாதித்தபோது கொடுக்க வேண்டும் என்று பேசியவர் மெய்ட்லண்ட். அன்று தோற்றார்கள், அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுக்க 1948 ஆயிற்று. அவர் ஊக்கம் கொடுத்து வளர்த்தவர்களில் மேரி பேட்சன் முக்கியமானவர். நகர வழக்கங்களைத் தொகுத்துச் செல்டன் சங்கத்துக்காக இரண்டு தொகுதி பதிப்பித்தார். 1906 நவம்பர் 30 அன்று, நாற்பத்தொரு வயதில் இறந்துபோனார். அவருக்கு அஞ்சலி எழுதியவர் மெய்ட்லண்ட்.

அப்போது அவரே நோயாளி. நீரிழிவு, இன்சுலின் இல்லாத காலம். 1898-இலிருந்து இங்கிலாந்தின் குளிரைத் தாங்க முடியாமல் பெரும்பாலான குளிர்காலங்களை ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் இருக்கும் கேனரித் தீவுகளில் கழித்தார். 1902-இல் கேம்பிரிட்ஜின் வரலாற்றுப் பேராசிரியர் பதவி தேடி வந்தது. உடம்பு இடம் கொடுக்காது என்று மறுத்தார். ஆனால் வேலையைத் தீவுக்கும் எடுத்துப் போனார். அதுதான் அவர் கடைசி வேலை, எனக்கு மிகவும் பிடித்த வேலையும் கூட.

வருஷ ஏடுகள் என்று அதற்குப் பெயர். சுருள் நீதிமன்றத்தின் அதிகாரப் பதிவு. இன்னார் வழக்கு, இன்ன முடிவு, அவ்வளவு. வருஷ ஏடு நீதிமன்றத்தில் உட்கார்ந்து கேட்டவர்கள் எடுத்த குறிப்பு. வக்கீல் ஒரு வாதத்தை எடுத்து விடுகிறார். நீதிபதியின் முகம் சரியில்லை. உடனே அதை மடக்கிக்கொண்டு இன்னொன்றை எடுக்கிறார். பெரஃபோர்ட் என்ற தலைமை நீதிபதி சுள்ளென்று குறுக்கே விழுகிறார். குறிப்பெடுத்தவனுக்கு வாதம்தான் முக்கியம். யார் ஜெயித்தார் என்பதைப் பல இடத்தில் எழுதவே இல்லை, கட்சிக்காரர் பெயரையும் தப்பாக எழுதியிருக்கிறான். இரண்டாம் எட்வர்ட் காலத்து ஏடுகள் 1678-இல் அச்சானபோது பிழை மேல் பிழை. மெய்ட்லண்ட் கையெழுத்துப் படிகளை ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு வழக்குக்கும் காப்பகத்தில் அதன் சுருளைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தார். ஒரு பக்கம் வாதம், மறு பக்கம் முடிவு. அறுநூறு வருஷத்துக்குப் பிறகு ஒரு வழக்கு முழுசாகக் கேட்டது.

அந்த ஏடுகளின் மொழி இங்கிலாந்து வக்கீல்களின் பிரெஞ்சு. அதற்கு இலக்கணம் கிடையாது. வினைச்சொல் எங்கே எப்படித் திரிகிறது, எழுத்தர் எந்தச் சுருக்கத்தை எதற்குப் போடுகிறான் என்று வரி வரியாகப் பார்த்து, அவரே இலக்கணம் எழுதி 1903-இல் முதல் தொகுதியின் முன்னுரையில் சேர்த்தார். அடுத்த வருஷம் இரண்டாவது தொகுதி, அதற்கடுத்து மூன்றாவது.

"நாலாவது?"

1906 டிசம்பரில் கேனரித் தீவுக்குக் கப்பல் ஏறினார். வழியில் நிமோனியா கண்டது. லாஸ் பால்மாஸ் போய்ச் சேர்ந்து சில நாளில் இறந்தார். ஐம்பத்தாறு வயது. அங்கேயே ஆங்கிலேயர் கல்லறையில் அடக்கம். நான்காவது தொகுதி மேசையில் பாதியில் இருந்தது. ஜி. ஜே. டர்னர் என்பவர் எடுத்து முடித்தார். 1907-இல் இரண்டு பேர் பெயரோடும் வந்தது.

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் செய்தித்தாளை மறுபடி விரித்தாள். ஆட்கொணர்வு மனுச் செய்தியை இந்த முறை சத்தமாக, முதல் வரியிலிருந்து வாசித்தாள்.